தராசுக்குள் இருக்கும் படிப்பு

(கும்மிடிப்பூண்டியில் இளைஞர்கள், வணிகர்கள் மத்தியில் ஆற்றிய உரை)

 

பொன்னேரிப் பக்கம் ஒரு மளிகைக் கடை. கல்லாவில் பிளஸ் டூ முடித்த பிள்ளை. கணக்கிலும் இயற்பியலிலும் நல்ல மதிப்பெண். "மேலே படிக்க வைக்கலையா?" என்றேன். "படிச்சு என்ன ஹஜ்ரத், கடையைப் பார்த்துக்கட்டும்" என்றார் தகப்பனார். எதிரே இருந்த எலெக்ட்ரானிக் தராசைக் காட்டி, "தம்பி, இது எப்படி எடை சொல்லுது?" என்று கேட்டேன். "தெரியாது ஹஜ்ரத். ரிப்பேர்னா ஆள் வருவார்" என்றான்.

நம் நிலை இதுதான்! கருவி நம் கடையில். அதன் அறிவு அடுத்தவர் கையில்.

தராசுத் தட்டின் அடியில் ஓர் உலோகத் துண்டு. அதில் மெல்லிய உலோக இழை ஒட்டப்பட்டிருக்கிறது. சரக்கை வைத்ததும் துண்டு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. இழை நீள்கிறது, அதன் மின்தடை மாறுகிறது. அந்த மாற்றமே எடையாகத் தெரிகிறது. இதுதான் சென்சார்!

இங்குள்ள இரும்பாலைகளைப் பாருங்கள். உருகிய எஃகின் சூடு சுமார் 1,600 டிகிரி. எப்படி அளப்பது? இரு வேறு உலோகக் கம்பிகளை முனையில் இணைத்துச் சூட்டில் வைத்தால் சிறிதளவு மின்னழுத்தம் பிறக்கும். 1821ல் சீபெக் கண்ட உண்மை இது. பிளாட்டினக் கம்பியும் ரோடியம் கலந்த பிளாட்டினக் கம்பியும் சேர்ந்தால், அந்த எஃகின் சூட்டையும் அளந்துவிடலாம். இதைப் படிப்பதே இன்ஸ்ட்ருமென்டேஷன். சிப்காட்டைச் சுற்றி வாழும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் இதைப் படித்திருக்கிறார்கள்?

"பணத்துக்கு எங்கே போவது?" என்பீர்கள். ராமேஸ்வரத்து அப்துல் கலாமுக்குக் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேரக் கட்டணம் இல்லை. அவருடைய சகோதரி ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். 1949ல் தொடங்கிய அக்கல்லூரி இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிறது. 2007 முதல் தமிழகத்தில் நமக்கு 3.5 சதவீத இடஒதுக்கீடும் உண்டு. மதிப்பெண் குறைந்தால் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து, நேரே பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். போராடிப் பெற்ற உரிமை விண்ணப்பம் போடாமலே வீணாகலாமா?

வணிகப் பெருமக்களே! மகள் கல்யாணத்துக்குச் சேர்க்கும் பணத்தில் ஒரு பங்கை மகன், மகள் இருவரின் படிப்புக்கும் ஒதுக்குங்கள். வசதியுள்ள நான்கு கடைக்காரர்கள் கூடி ஓர் ஏழைப் பிள்ளையின் கட்டணத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

இளைஞனே! நாளைக் காலை கடை திறந்ததும் அந்தத் தராசை ஒருமுறை உற்றுப் பார். ரிப்பேருக்கு வரும் ஆளாக மட்டுமல்ல, அதைச் செய்கிறவனாக நீ வர வேண்டும்!

சிந்திப்போம்! செயல்படுவோம்!