வர்ணப் பூச்சும் வெயில் மழையும்

(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



பள்ளிக்கூடம் கட்டுகிறோம், குடிநீர்த் தொட்டி அமைக்கிறோம், ஜன்னலுக்கும் ஏணிக்கும் வர்ணம் பூசுகிறோம். இரண்டு மழைக்காலம் சென்றதும் சுவரைத் தொட்டவர் கையில் வெள்ளைப் பொடி ஒட்டுகிறது. இரும்பில் துரு எட்டிப் பார்க்கிறது. ஊரார் பணம் இவ்வாறு உதிர்ந்து போவது ஏன்?

வர்ணத்தில் நிறப்பொடியும் அதைப் பிணைத்து நிறுத்தும் பிசினும் உள்ளன. வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்கள் பிசினைச் சிறிது சிறிதாகச் சிதைக்கின்றன. பிசின் அழிந்ததும் பொடி தனித்து நிற்கிறது. கையில் ஒட்டுவது அதுவே.

இதைச் சோதனைச்சாலைகளில் எவ்வாறு அளக்கிறார்கள்? சிறு தகடுகளில் வர்ணம் பூசி ஒரு பெட்டிக்குள் வைக்கிறார்கள். வழக்கமான ஒரு முறையில், 8 மணி நேரம் புற ஊதா விளக்கின் கீழ் 60 டிகிரி சென்டிகிரேடு வெப்பம். பின்னர் விளக்கை அணைத்து, 4 மணி நேரம் 50 டிகிரியில் நீராவி பனிபோல் தகட்டில் படியும். இது இரவு பகலாக வாரக்கணக்கில் நடைபெறும். இரும்புக்கு வேறொரு சோதனை உண்டு. பூச்சில் இரும்பு தெரியுமாறு ஒரு கீறல் போட்டு, 5 சதவிகித உப்புநீரை 35 டிகிரியில் புகைபோல் தெளிக்கிறார்கள். கீறலிலிருந்து துரு எவ்வளவு தூரம் பரவியது என்று அளக்கிறார்கள். கத்தியால் கட்டம் கட்டமாகக் கீறி, பூச்சு பெயர்வதை 0 முதல் 5 வரை தரம் பிரிப்பதும் உண்டு. 0 என்றால் சிறிதும் பெயரவில்லை என்று பொருள்.

ஆனால், பெட்டிக்குள் இத்தனை மணி நேரம் தாங்கியது என்பதால் வெளியில் இத்தனை ஆண்டு தாங்கும் என்று கணக்கிட முடியாது. இரு வர்ணங்களில் எது மேல் என்று ஒப்பிடவே அச்சோதனை பெரிதும் உதவும். ஆதலால் தகடுகளைத் திறந்த வெளியிலும் ஆண்டுக்கணக்கில் வைத்துப் பார்க்கிறார்கள். 1953-ல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், மண்டபம் கடற்கரையின் உப்புக் காற்றில் இத்தகைய சோதனைகளை நடத்தியுள்ளது.

இங்கு நம் தவறு ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு பள்ளிக் கட்டடத்தில் பூச்சு ஓராண்டுக்குள் கொப்பளித்து உரிந்தது. வர்ணம் மட்டம் என்று முடிவு செய்து, பூசியவரைக் கடிந்துகொண்டோம். பிறகு ஏட்டைப் புரட்டியபோதுதான் உண்மை விளங்கியது. மார்ச் 31-க்குள் பணத்தைச் செலவிட வேண்டுமென்ற அவசரத்தில், சிமெண்டுப் பூச்சு முடிந்த ஒரே வாரத்தில் வர்ணம் பூசச் சொன்னவர்கள் நாமே. சுவரின் ஈரமும் காரமும் வர்ணத்தைத் தள்ளிவிட்டன. நல்ல வர்ணமும் ஈரச் சுவரில் நில்லாது. அந்தத் தொழிலாளியிடம் நேரில் சென்று வருத்தம் தெரிவித்தோம்.

ஆகவே சில யோசனைகள். புதுச் சுவர் குறைந்தது 4 வாரம் உலரட்டும். இரும்பின் துருவைச் சுரண்டி, முதற்பூச்சு கொடுத்த பின்னரே வர்ணம் பூசுக. பெரிய வேலைக்கு முன், வெயில் படும் சுவரில் இரண்டு மூன்று வர்ணங்களை இரண்டடிச் சதுரமாகப் பூசி, ஒவ்வொன்றிலும் ஒரு மூலையைத் தகரத்தால் மூடி வையுங்கள். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கழிந்தபின் தகரத்தை எடுத்து ஒப்பிடுங்கள். உங்கள் ஊர்ச் சுவரே உங்கள் சோதனைச்சாலை. பூசிய தேதியையும் வர்ணத்தின் பெயரையும் பஞ்சாயத்து ஏட்டில் குறித்து வையுங்கள்.

மற்றொன்று குழந்தைகளைப் பற்றியது. வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்பது 2016-ஆம் ஆண்டு மத்திய அரசின் விதி. 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் மிகுந்திருக்கலாம். ஈயத்தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பழைய வர்ணத்தை உலர்ந்தபடியே சுரண்டாமல், நனைத்துச் சுரண்டுங்கள்; அவ்வேளையில் பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.

விதையை முளைக்கவிட்டுப் பார்த்த பின்னரே வயலில் விதைப்பவர்கள் நீங்கள். அந்தப் பொறுமையை வர்ணத்திலும் காட்டினால் பொதுப்பணம் நிலைக்கும்.