ஒரு டாலர் பல்



'குழந்தை கேட்டால் சொல்ல வேண்டியது கதையா, உண்மையா?' இதுதான் தலைப்பு. எனக்கு முன்னாலே பேசிய அம்மையார், "உண்மையைச் சொன்னா குழந்தையோட கற்பனை செத்துப் போயிடும்"னு கண் கலங்கச் சொன்னாங்க. நீங்களும் கை தட்டினீங்க. ஏமாந்து நானும் தட்டிட்டேன். (சிரிப்பு) அம்மா, என் பேத்தி கதையைக் கொஞ்சம் கேளுங்க.

என் மகள் அமெரிக்காவிலே இருக்கா. பேத்திக்கு ஆறு வயசு. முதல் பால் பல் விழுந்துது. அந்த ஊரு வழக்கம் என்னன்னா, விழுந்த பல்லைத் தலையணைக்கு அடியிலே வச்சுட்டுத் தூங்கணும். ராத்திரி பல் தேவதை வரும். 'டூத் ஃபேரி'ம்பாங்க. பல்லை எடுத்துக்கிட்டுக் காசு வச்சுட்டுப் போகும். இது இன்னைக்கு நேத்து வந்த வழக்கம் இல்லீங்க. ஆடுற பல்லைப் பிடுங்க விடாம அடம் பிடிக்கிற பிள்ளைக்கு இந்தக் கதையைச் சொல்லுங்க, தலையணைக்கு அடியிலே அஞ்சு சென்ட் சாமான் ஒண்ணு வைங்கன்னு 1908-லேயே சிகாகோ நாளிதழ் ஒண்ணு தாய்மார்களுக்கு யோசனை சொல்லியிருக்கு.

பேத்தி போன் பண்ணினா. "தாத்தா, உங்களுக்குப் பல்லு விழுந்தப்போ தேவதை வந்துச்சா?"

"எங்க ஊருக்குத் தேவதை எங்கேம்மா வரும்? சாணி உருண்டைக்குள்ளே பல்லை வச்சுக் கூரை மேலே எறிஞ்சோம்"னேன். (சிரிப்பு)

விட்டாளா? "பூட்டின வீட்டுக்குள்ளே தேவதை எப்படி வந்துச்சு? அத்தனை பல்லையும் என்ன பண்ணும்?" எல்லாத்துக்கும் சமாளிச்சேன். மேடையிலே சமாளிக்கிறதுதானே நமக்குப் பொழைப்பு! கடைசியா ஒண்ணு கேட்டா. "தாத்தா, எனக்கு ஒரு டாலர் வச்சுது. என் சிநேகிதிக்கு அஞ்சு டாலர் வச்சுதாம். ஏன்?"

நான் யோசிக்கவே இல்லை. "அவ பல்லு நல்லா வெள்ளையா இருந்திருக்கும்"னு சொல்லிட்டேன்.

மறுநாள் மகள் பேசினா. "அப்பா, காலையிலேருந்து நாலு தரம் பல்லு தேய்ச்சுட்டா. சிரிச்சாக்கூட வாயைக் கையாலே மூடிக்கிறா. என்னதான் சொன்னீங்க? நீங்க கெடுத்ததை நீங்களே சரி பண்ணுங்க."

நடுவர் அவர்களே, முனைவர் பட்டம் வாங்கின நான் ஒரு பால் பல்லுக்கு முன்னாலே கூனிக் குறுகிப் போனேன். அந்தக் குழந்தை தேவதையைப் பத்தியா கேட்டுது? "நான் என்ன மட்டமா?"ன்னு கேட்டுது. அந்தக் கேள்விக்குப் போய்க் கதை சொல்லலாமா? அஞ்சு டாலரை அம்மா அப்பா வச்சா அது அந்த வீட்டு வசதி. தேவதை வச்சா அது தீர்ப்பு! (கைதட்டல்)

ஸ்பெயின் நாட்டிலே தேவதை கிடையாது. பெரெஸ்னு ஒரு எலி வரும். பதின்மூன்றாம் அல்ஃபோன்சோ எட்டு வயசு ராஜாவா இருந்தப்போ, அவருக்குப் பல்லு விழுந்ததை ஒட்டி 1894 வாக்கிலே லூயிஸ் கொலோமா என்கிற பாதிரியார் எழுதின கதை அது. அந்த எலி குட்டி ராஜாவை எங்கே கூட்டிக்கிட்டுப் போகுது தெரியுமா? ஏழைப் பையன் குடியிருக்கிற வீட்டுக்கு! ராஜாவுக்கே ஏழ்மையைக் காட்டுது. அதுவும் கதைதான். ஆனா உண்மையைக் காட்டுகிற கதை. நான் சொன்னது மூடி மறைக்கிற கதை.

அன்னைக்கே போன் பண்ணினேன். "கண்ணு, தாத்தா சொன்னது தப்பு. உன் பல்லுக்கு ஒரு குறையும் இல்லை. காசு வைக்கிறது அந்தந்த வீட்டு அம்மா அப்பாதான். நீ தூங்கின பிறகு உங்கம்மா மெதுவா வந்து வச்சா."

அந்தப் பக்கம் பேச்சே இல்லை. அம்மையார் சொன்ன மாதிரி கற்பனை செத்துப் போச்சோன்னு எனக்கும் பயம்தான். கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு குரல். "அம்மாவா? நான் முழிச்சுக்காம மெதுவாவா வந்தாங்க?"

"ஆமாம்மா."

"தாத்தா, இன்னொரு பல்லு ஆடுது. எனக்குத் தெரியும்னு அம்மாகிட்டே சொல்லிடாதீங்க. நான் தூங்குற மாதிரி படுத்துக்கறேன். அம்மா தேவதையா வரட்டும்!" (பலத்த கைதட்டல்)

எங்கேங்க செத்துது கற்பனை? இப்போ அவ சேர்ந்து ஆடுறா! கதை சொல்லுங்க, நான் வேண்டாங்கலை. ஆனா குழந்தை உங்க கண்ணைப் பார்த்து, "நிஜமாவா?"ன்னு கேட்டா, அந்த நிமிஷம் உண்மையைச் சொல்லிடுங்க. நாளைக்குப் பெரிய கேள்வி ஒண்ணு வரும்போது அது உங்ககிட்டேதான் ஓடி வரணும்.

ஒரே ஒரு சங்கடம். இந்த நிகழ்ச்சி அமெரிக்காவிலும் தெரியுதாம். அம்மாடி மகளே, நீ மட்டும் கேட்காத மாதிரி இருந்துக்கோ! (சிரிப்பு) உண்மையே என்று தீர்ப்பு வழங்குங்கள் நடுவர் அவர்களே.