கழுவாமல் வைத்த கிளாஸ்

(அப்பாயியின் படத்திறப்பு நிகழ்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாலை வேண்டாம், திதி வேண்டாம், ஐயர் வேண்டவே வேண்டாம் என்று அப்பாயியே சொல்லிவிட்டுப் போனதால் எங்களுக்குப் பாதி வேலை மிச்சம். எனக்குக் கொடுத்த வேலை பேசுவது. முயற்சி செய்கிறேன்.

அப்பாயிக்கு வயது எத்தனை என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். ஆதார் அட்டையில் ஜனவரி 1 என்று இருக்கிறது. எங்கள் தெருக் கிழவிகள் முக்கால்வாசிப் பேர் அன்றைக்குத்தான் பிறந்திருக்கிறார்கள். அதையே கேட்டால், "சுதந்திரம் வந்தப்ப எனக்கு நடவு நடத் தெரியும். கல்யாணம் புயல் வருசம்" என்று சொல்லும். புயல் வருசம் என்றால் 1952. பண்ணையாட்களை நினைத்த நேரத்தில் விரட்டக் கூடாது என்று தஞ்சை மாவட்டத்துக்குத் தனியாகச் சட்டம் வந்ததும் அதே வருசம்தான்.

சவுக்கடி, சாணிப்பால் என்று நாம் புத்தகத்தில் படிக்கிறோம். அப்பாயிக்கு அது தன் அப்பாவின் முதுகு. 1940களில் பி. சீனிவாசராவும் தோழர்களும் கீழத்தஞ்சையில் சங்கம் கட்டிய பிறகுதான் அப்பா நிமிர்ந்து நடந்து பார்த்தேன் என்று சொல்லும்.

1968 டிசம்பர் 25. கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையோடு கொளுத்தினார்கள். நெல்லில் கூலி கூடுதலாகக் கேட்டதும், செங்கொடியை இறக்க மறுத்ததும்தான் அவர்கள் செய்த குற்றம். 1973இல் உயர் நீதிமன்றம் பண்ணையார்களை விடுதலை செய்தது. அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் ஊர்க் களத்தில் கூலி அளந்தபோது, மரக்காலைத் தலைதட்டி அளந்தார்களாம். அப்பாயி, "கொட்டிட்டு மறுபடி அள" என்று சொல்லி நின்றது. கூட வந்த பெண்கள் ஒருவரும் நெல்லைத் தொடவில்லை. பொழுது சாயும்போது மறுபடி அளந்தார்கள்.

டீக்கடைக் கதை உங்களில் பலருக்குத் தெரியும். எங்களுக்குக் கொட்டாங்கச்சி. பிறகு தனி கிளாஸ், அதையும் நாமே கழுவி வைக்க வேண்டும். அந்தக் காலம் முழுக்க அப்பாயி அந்தக் கடையில் டீ குடித்ததே இல்லை. எல்லோருக்கும் ஒரே கிளாஸ் என்று போராடி வாங்கிய மறுநாளிலிருந்து தினமும் போனது. பெஞ்சில் உட்கார்ந்து, ஆற அமரக் குடித்து, கிளாஸைக் கழுவாமல் வைத்துவிட்டு வரும். டீ பிடிக்குமா என்று ஒருநாள் கேட்டேன். "சகிக்காது. அவன் கழுவுறதப் பாக்கத்தான் போறேன்" என்றது.

கைதட்டுகிறீர்கள். இத்தோடு முடித்தால் எனக்கும் வசதிதான். ஆனால் அப்பாயியிடம் கற்றதைச் சொல்ல வேண்டுமானால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்.

எங்கள் துணியை வெளுக்கவும், எங்கள் வீட்டுச் சாவுக்கு வேலை செய்யவும் ஒரு குடும்பம் இருந்தது. புதிரை வண்ணார். பொழுது போனதும் அந்த அம்மா ராச்சோறு வாங்க வருவார். வாசலோடு சரி. அப்பாயி கை உயர்த்தித்தான் சட்டியில் சோறு போடும். அரைக்கால் சட்டை போட்ட பையன்கள்கூட அவரை "வாடி, போடி" என்பார்கள். ஒருவரும் கண்டித்ததில்லை. நானும்தான்.

கல்லூரியில் அம்பேத்கரைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. படிநிலை ஏற்றத்தாழ்வு என்று அவர் சொன்னது எங்கள் வாசற்படியைத்தான். விடுமுறைக்கு வந்தபோது கேட்டேன்: "அப்பாயி, நம்மள அவன் நிறுத்துன எடத்துலதானே நாம இவங்கள நிறுத்துறோம்?" மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் ராத்திரி அந்த அம்மா வந்தபோது அப்பாயி எழுந்து போய், "உள்ள வா தங்கச்சி" என்றது. நாங்கள் சாப்பிடும் தட்டில் சோறு போட்டது. அவர் நடுங்கிக்கொண்டேதான் சாப்பிட்டார். தட்டைக் கழுவ எழுந்தவரின் கையிலிருந்து பிடுங்கி, அப்பாயியே கழுவி வைத்தது.

தெருவில் பேச்சு வந்தது. எங்கள் வீட்டுத் தண்ணீரைச் சிலர் குடிக்கவில்லை. என் தம்பி அந்த அம்மாவின் பேத்தியைக் கட்டிக்கொண்டபோது சொந்தச் சித்தப்பாவே கல்யாணத்துக்கு வரவில்லை. அந்தக் கல்யாணத்துக்கு மாலை எடுத்துக் கொடுத்தது அப்பாயி. சித்தப்பா இன்று வந்திருக்கிறார், பின்வரிசையில் இருக்கிறார். வந்ததற்கு நன்றி சித்தப்பா. சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். சமைத்தது தம்பி மனைவியின் அம்மா.

அப்பாயி கடைசியாகக் கேட்டது ஒன்றுதான்: "என் சாவுக்கு அவங்களைச் சொந்தமாக் கூப்புடுங்க, வேலைக்குக் கூப்புடாதீங்க." அப்படியே செய்தோம். அதைக் குளிப்பாட்டியது நாங்கள், பாடை கட்டியது பேரன்கள். பெண்கள் நாங்களும் தோள் கொடுத்தோம். அந்த அம்மா என் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அக்காவுக்கு அழுவதைப் போல அழுதார்.

இங்கே வந்திருக்கும் இளைய தோழர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மேலே இருப்பவனிடம் கேள்வி கேட்க நம் முன்னோர் உயிரைக் கொடுத்துப் பழக்கியிருக்கிறார்கள். அதை ஒருநாளும் விடாதீர்கள். இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும், உங்கள் வாசலில் யார் நிற்கிறார்கள் என்றும் பாருங்கள். எழுபது வயதுக்கு மேல் ஒரு கிழவியால் மூன்று நாளில் மாற முடிந்தது. நமக்கு அவ்வளவு நாள் வேண்டாம்.

ஜெய்பீம்.