தூணுக்கு அடியில் என்ன நடக்கிறது?

(முன்னாள் மாணவர் கூடுகையில் ஆற்றிய உரை)



"பத்து நிமிஷம்தான், சாப்பாடு ஆறிடும்" என்று செயலாளர் எச்சரித்திருக்கிறார். ஆகவே நேராக ஆற்றுக்குள் இறங்கிவிடுகிறேன்.

திருச்சியில் கொள்ளிடத்தின் குறுக்கே 1928-ல் கட்டிய இரும்புப் பாலம் பலருக்கு நினைவிருக்கும். 2016-ல் பக்கத்திலேயே புதுப்பாலம் வந்தபின் அதில் வண்டிகள் போகவில்லை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதன் தூண்கள் சரிந்தன. 2024 ஆகஸ்டில் அதே ஆற்றில் உயர் அழுத்த மின்கோபுரம் சாய்ந்தது. இவை மேலே பாரம் கூடி விழுந்தவை அல்ல. காலடி மண் போய் விழுந்தவை.

தூணில் மோதும் தண்ணீர் கீழ்நோக்கித் திரும்பி, சுழன்று, அடிமண்ணை வாரிக்கொண்டு போகிறது. 'ஸ்கவர்' என்று படித்தோமே, அதுதான். வெள்ளம் வடியும்போது அதே குழியை ஆறே தளர்ந்த மணலால் மூடிவிடும். குழி இருந்த சுவடே தெரியாது!

இதில் நானே ஏமாந்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு பாலத்தைக் கோடையில் பார்வையிட்டேன். மணல் சமமாகக் கிடந்தது. 'அஸ்திவாரம் நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "தம்பி, போன வெள்ளத்துல மூணாவது தூண்கிட்ட என் கழிக்குத் தரையே எட்டலியே" என்றார். மறுநாள் அங்கே இரும்புக் கம்பியை ஊன்றினேன். சர்ரென்று இறங்கியது. அறிக்கையைத் திருத்த இரண்டு நாள் தயங்கினேன். மானப் பிரச்சினை, வேறென்ன! பிறகு எழுதிக் கொடுத்தேன். கருங்கல் கொட்டிப் பலப்படுத்தினார்கள்.

இனி ஆபத்து கூடும். காற்று 1 டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும். பெய்யும்போது கொட்டித் தீர்க்கும். லேசி சூத்திரம் ஞாபகம் இருக்கிறதா? ஒரு மீட்டர் அகலத்துக்கு ஓடும் வெள்ளம் 20 சதவீதம் கூடினால், நீர்மட்டத்திலிருந்து அளக்கும் அரிப்பு ஆழம் சுமார் 13 சதவீதம் கூடும். நம் பழைய பாலங்களோ அந்தக் கால வெள்ளக் கணக்கை நம்பி நிற்பவை. மணல் அள்ளிப் படுகை தாழ்ந்த இடங்களில் அந்தக் கணக்கு இன்னும் பொய்க்கும்.

தம்பி தங்கைகளே, பாலத்தைச் சோதிக்கப் போனால் தார் ரோட்டை மட்டும் பார்த்துவிட்டு ஜீப் ஏறாதீர்கள். வெள்ளம் ஓடும்போதே தூணடி ஆழத்தை அளக்கக் கருவி வையுங்கள். ஆற்றோடு வாழ்கிறவர்களிடம் கேளுங்கள். தப்பாக எழுதியிருந்தால், என்னைப் போல் இரண்டு நாள் தயங்காமல், அன்றே திருத்துங்கள். அந்த இரண்டு நாளில் வெள்ளம் வராமல் போனது என் அதிர்ஷ்டம். என் திறமை அல்ல.