உதிர்ந்த காயின் உபயோகம்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, காட்டழகர் கோயிலுக்குச் செல்லும் வழியில், மலையடிவாரத்தில் அமைந்த செண்பகத்தோப்பை, 1988-ஆம் ஆண்டில் உருவான சாம்பல் நிற அணில் சரணாலயத்தைக் கொண்டே பலரும் அறிவார்கள். அங்கிருந்து இராஜபாளையம் வரையில் அடிவாரம் நெடுகிலும் உள்ள மாந்தோப்புகளை அண்டி வாழும் இல்லங்களில் வழிவழியாக விளங்கிவரும் மாவற்றல் போடும் கலையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

தென்மேற்குக் காற்று மலையைக் கடந்து வேகமாக இறங்கும் நாட்களில், பழுப்பதற்கு முன்பே காய்கள் உதிர்ந்துவிடுகின்றன. அடிபட்ட காய் பழுக்குமுன் அழுகும். சந்தையில் நல்ல விலைக்கும் போகாது. அத்தகைய காயை வீட்டுப் பெண்கள் அன்றைக்கே பொறுக்கி வந்து, கன்றிய பாகத்தை அரிவாள்மணையில் அரிந்து தள்ளி, நல்ல சதையைத் தோலோடு கீற்றுகளாக நறுக்கி, கல்லுப்பிட்டுக் குலுக்கி, இரவு முழுவதும் பானையில் ஊறவிடுகிறார்கள். காலையில் ஓலைப்பாயில் பரப்பிக் காயவைத்து, மாலையில் மீண்டும் அதே உப்புநீரில் இட்டு, அந்நீர் அனைத்தும் கீற்றுக்குள் சுவறும் வரையில் நாள்தோறும் இவ்வாறே செய்து, பின்னர் நன்றாகச் சுக்காக உலர்த்தி ஜாடியில் சேமிக்கிறார்கள்.

இதன் சிறப்பு சிக்கனம் மட்டுமன்று. உப்பும் வெயிலும் ஈரத்தை வாங்கிவிடுவதால், அழுகச் செய்யும் நுண்ணுயிர்கள் பெருக இடமில்லை, விறகு செலவில்லை, ஐப்பசி அடைமழையில் காய்கறி விலை ஏறும்போது குழம்புக்கு அந்த ஜாடியே கைகொடுக்கிறது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவிலும் இதே விவேகத்தைக் காணலாம்: சில மணி நேரத்தில் திரிந்துபோகும் பாலைச் சர்க்கரை சேர்த்துச் சுண்டக் காய்ச்சினால், அது பல நாள் தாங்கும் பண்டமாகிவிடுகிறது. கெடுமுன் முந்திக்கொள்வதே இரண்டிற்கும் பொதுவான தர்மம்.

இந்தத் தர்மத்தை மறந்ததன் விளைவு சாமான்யமானதன்று. 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 105 கோடி டன் உணவு வீணாயிற்று என்றும், அதில் நூற்றுக்கு அறுபது பங்கு வீடுகளில் வீணானது என்றும் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் கணக்கிட்டிருக்கிறது. குப்பைமேட்டின் அடியில் காற்றுப் புகாமல் அழுகும் சோறும் கறியும் மீத்தேன் வாயுவை வெளிவிட, அவ்வாயு கரியமில வாயுவைவிடப் பன்மடங்கு வன்மையுடன் பூமியைச் சூடாக்குகிறது. பசித்தவனுக்குச் சேரவேண்டிய கவளம், அவனுக்கும் பயன்படாமல், அவனுடைய மழையையும் வெயிலையும் நிலைகுலையச் செய்வது பெருங்கொடுமை.

கல்யாணப் பந்தியில் மிஞ்சிய சாம்பாரை வற்றலாக்க முடியாது என்பது உண்மையே. ஆயினும் பருவம் தவறாமல் செயற்படும் அந்த ஜாக்கிரதை அங்கும் செல்லும்: வருவோரை எண்ணி உலையேற்றலாம், கேட்டுக் கேட்டுப் பரிமாறலாம், மிச்சம் என்று தெரிந்த மாத்திரத்தில், ஊசிப்போகும் வரை காத்திராமல், சூடு ஆறுமுன்பே உண்பார் கைக்குச் சேர்க்கலாம். கெட்டபின் வருந்துவது எவர்க்கும் எளிது. கெடுமுன் எழுந்து காரியம் செய்வதே கலை. அதைக் கற்பிக்கும் மூதாட்டிகள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள்; அவர்களிடம் கேட்டு, இந்தப் பருவத்திலேயே கற்றுக்கொள்வோமாக.