எஞ்சினில் புகுந்த காற்று

சித்தூர்ப் பக்கத்தில் கரும்புக்கும் நிலக்கடலைக்கும் நீர் இறைக்கும் டீசல் எஞ்சினை உங்களில் பலர் அறிவீர்கள். எண்ணெய் தீர்ந்து அது நின்றுவிட்டால், தொட்டியை நிரப்பிய பின்னும் ஓட மறுக்கும். பயிரோ வாடும். 'ஏர் பிடித்துவிட்டது' என்பார் பட்டறைக்காரர்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. அழுத்தத்தால் சூடேறிய காற்றில் எண்ணெய் தானே பற்றுகிறது. ருடால்ப் டீசல் 1897-இல் ஓட்டிக் காட்டியதும் இவ்வாறே. அதற்குள் எண்ணெயைப் பீய்ச்ச, வளிமண்டலத்தைப்போல் நூறு மடங்குக்கும் மிகுந்த அழுத்தம் வேண்டும். எண்ணெய் எளிதில் சுருங்காது. குழாயில் புகுந்த காற்றோ பஞ்சுபோல் அமுங்கிவிடும். பம்பின் உழைப்பு வீணாகும்.

எனவே தொட்டியிலிருந்து நாசில்வரை வரிசையாகக் காற்றை நீக்கவேண்டும். முதலில் வடிகட்டியின் திருகைத் தளர்த்தி, நுரையின்றி எண்ணெய் வழிந்ததும் இறுக்கவேண்டும்; அடுத்துப் பம்பின் திருகு. இறுதியில் நாசில் குழாயின் நட்டைச் சற்றே தளர்த்தி எஞ்சினைச் சுழற்றவேண்டும். நாசில் பீய்ச்சும் தாரைக்கு நேரே கையை நீட்டலாகாது. அது தோலைத் துளைக்கும். துளை சிறிதாயினும் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

திருப்பதியிலிருந்து மலையேறும் புதுவகை டீசல் பேருந்துகளில், எஞ்சின் சுழலும்போது அந்த நட்டைத் தொடவே கூடாது. அங்கே அழுத்தம் ஆயிரம் மடங்கையும் தாண்டும்.

நீர் இறைக்கும் எஞ்சினில் மறுநாளே மீண்டும் ஏர் பிடித்தால், தேய்ந்த செம்பு வாஷரைப் பாருங்கள்.