ஊர் தேடி வந்த விரிவுரை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கோவையில் வானொலி நிலையம் 1966ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. இங்குள்ள வேளாண்மைக் கல்லூரி 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. இவ்விரண்டும் கைகோத்ததால் விளைந்த நற்பயன்களுள் ஒன்று ‘பண்ணைப் பள்ளி’ என்னும் வானொலித் தொடர். பயிர் ஒன்றையோ, கறவை மாடு, காளான் போன்ற தொழில் ஒன்றையோ எடுத்துக்கொண்டு பேராசிரியர்கள் சில வாரங்கள் தொடர்ந்து பாடம் சொல்வார்கள். உழவர்கள் முன்னதாகவே பெயரைப் பதிவு செய்துகொள்வார்கள். பாட இறுதியில் வினா ஒன்று கேட்கப்பெறும். விடையை அஞ்சலட்டையில் எழுதி அனுப்ப வேண்டும். வகுப்பறை இல்லை, வருகைப் பதிவேடு இல்லை, மணி அடிப்பார் இல்லை. தோட்டத்துச் சாளையின் திண்ணையில், மாட்டுக்குத் தீனி போட்டுவிட்டு அமர்ந்தவரே மாணாக்கர்.

வானொலியின் வழியே அறிவு ஊர்புகுந்த கதை கொங்கு நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 1960களின் நடுவில் ஆடுதுறை 27 என்னும் நெல் வகையைத் திருச்சி வானொலி எடுத்துரைத்த முறையில் அது தஞ்சை வயல்களில் விரைந்து பரவியது. ‘ரேடியோ நெல்’ என்றே உழவர் அதற்குப் பெயர் வைத்துவிட்டனர். கண்டுபிடித்த நிலையத்தின் பெயர் பின்னுக்குப் போய், சொல்லிக்கொடுத்த கருவியின் பெயர் நிலைத்துவிட்டது. (அந்நெல்லின் பெற்றோருள் ஒன்றாகிய ஜி.இ.பி. 24 நம் கோவை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் தேர்ந்தெடுக்கப்பெற்றது என்பதை இவ்வூரார் பெருமையோடு நினைவு கூரலாம்.)

ஆயினும் பண்ணைப் பள்ளியில் கருதத்தக்கது வானொலிப் பெட்டி அன்று, அந்த அஞ்சலட்டையே. பேசியவர் பேசி முடித்தார், கேட்டவர் கேட்டுக் கலைந்தார் என்று போகாமல், கேட்டவரிடமிருந்து நான்கு வரி திரும்பி வந்தது. எழுத்து கோணலாக இருக்கலாம், பிழை மலிந்திருக்கலாம். எனினும் அது ஒரு மாணாக்கரின் விடைத்தாள். அந்த அஞ்சலட்டைக்கு நெடிய முன்வரலாறு ஒன்று உண்டு.

1867ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வடபகுதியில் பெண்களின் உயர்கல்விக்காகப் பாடுபட்ட மகளிர் சிலர், கேம்பிரிட்ஜைச் சார்ந்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்பவரை விரிவுரையாற்ற அழைத்தனர். அப்போது அவருக்கு அகவை 24. பெண்களுக்குக் கல்லூரிக் கதவு அடைத்திருந்த காலம் அது. அழைத்தவர்கள் கேட்டது, கற்பிக்கும் கலை பற்றிய விரிவுரை. கற்பிப்பது எப்படி என்று பேசுவதைவிட ஏதேனும் ஒன்றைக் கற்பித்தே காட்டிவிடலாம் என்று கருதிய ஸ்டூவர்ட் வானியலை எடுத்துக்கொண்டார். லீட்ஸ், மான்செஸ்டர், ஷெஃபீல்டு, லிவர்பூல் ஆகிய நான்கு நகரங்களுக்கும் வாரந்தோறும் சுற்றிவந்து பாடம் சொன்னார்.

அப்போது எழுந்த இடையூறு ஒன்று இன்று நமக்கு நகைப்பைத் தரும். மணமாகாத இளைஞர் ஒருவர் இளம்பெண்கள் நிறைந்த அவையில் வாய்ச்சொல்லாக வினா எழுப்புவதும், அவர்கள் எழுந்து விடை கூறுவதும் முறையாகாது என்று பெரியோர் கருதினர். ஆகவே வினாக்களை அச்சிட்டுக் கொடுத்தார். பெண்கள் விடைகளை எழுதி அனுப்பினர். அவர் திருத்தித் திருப்பினார். நாணத்தின் பொருட்டுத் தோன்றிய இவ்வழக்கமே பின்னர்ப் பல்கலைக்கழக விரிவாக்கக் கல்வியின் முதுகெலும்பாயிற்று.

மற்றொரு வழக்கம் ரோச்டேல் என்னும் ஊரில் பிறந்தது. கூட்டுறவு இயக்கத்தின் தாயகமாகப் போற்றப்படும் நெசவாளர் ஊர் அது. அங்குத் தொழிலாளர் மன்றத்தில் ஸ்டூவர்ட் பேசிய ஒருநாள், சுவரில் மாட்டியிருந்த விளக்கப் படங்களை எடுத்துச் செல்லாமல் அடுத்த வாரம் வரை அப்படியே தொங்கவிட்டுச் சென்றார். மறுவாரம் வந்தபோது, தொழிலாளர் அப்படங்களின் முன்னே நின்று தமக்குள் வாதிட்டுக்கொண்டிருந்தார்கள் என்றும், புரியாத இடங்களைக் குறித்துவைத்திருந்தார்கள் என்றும் அறிந்தார். விரிவுரைக்கு முன்னோ பின்னோ கலந்துரையாடலுக்கெனத் தனி நேரம் ஒதுக்கும் முறை அன்று முதல் தோன்றியது. 1873இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் இம்முயற்சியைத் தனதாக ஏற்று, நாட்டிங்ஹாம், டெர்பி, லெஸ்டர் ஆகிய நகரங்களில் முறையான தொடர்களைத் தொடங்கியது. நாட்டிங்ஹாமில் கேட்போர் ஆர்வம் பெருகப் பெருக, 1881இல் அங்கு ஒரு கல்லூரியே எழுந்தது. இன்றைய நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகம் அதிலிருந்து வளர்ந்ததே.

தமிழகத்தில் இதற்கு ஒப்பு இல்லையா எனின், உண்டு. ‘சொல்லின் செல்வர்’ ரா.பி. சேதுப்பிள்ளை 1936இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியேற்றார். பகலில் பல்கலைக்கழகம், அதன் பின் ஊர் மன்றம். ஒய்.எம்.சி.ஏ. அரங்கில் கம்பராமாயணம் மூன்றாண்டுகள், கோகலே மண்டபத்தில் சிலப்பதிகாரம் மூன்றாண்டுகள், தங்கசாலையில் வாரம் ஒருநாள் என ஐந்தாண்டுகள் திருக்குறள். தங்கசாலை வணிகர் நெருங்கி வாழும் பகுதி. பட்டம் தேடி எவரும் அங்கு வந்திருக்க மாட்டார். ஒரு நூலை வாரந்தோறும் பிரித்து, ஆண்டுக்கணக்கில் விடாது நடத்திய அவ்வகுப்புகளைத் திருவிழாச் சொற்பொழிவோடு சேர்த்து எண்ணுதல் தகாது. கேட்டவர் சென்ற வாரம் கேட்டதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த வாரம் வந்தமர்ந்தார் என்பதே அவற்றின் தனிச்சிறப்பு.

நம் கோவையிலும் உழைப்பு நேரம் போக எஞ்சிய நேரத்தில் தமிழ் வளர்த்தோர் உளர். சிவக்கவிமணி சி.கே. சுப்பிரமணிய முதலியார் தொழிலால் வழக்கறிஞர். நீதிமன்றப் பணிக்கிடையே பெரியபுராணத்திற்கு அவர் எழுதிய விரிவான உரையைக் கோவைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. ஜி.ஆர். தாமோதரன் தொழில்நுட்பக் கல்வியாளர். எனினும், ‘கலைக்கதிர்’ இதழின் வழியே அறிவியலைத் தமிழில் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தார். ஆகவே கற்பிக்க விழைவோர் இம்மண்ணில் என்றும் குறைந்ததில்லை.

பல்கலைக்கழக மானியக் குழுவும் 1977இல் வெளியிட்ட கொள்கையில், கற்பித்தல், ஆராய்ச்சி ஆகியவற்றோடு விரிவாக்கப் பணியையும் பல்கலைக்கழகங்களின் மூன்றாம் கடமையாக ஏற்றது. ஏட்டில் மூன்றும் உடன்பிறப்புகள். நடைமுறையில் மூன்றாவது பிள்ளை பந்தியில் கடைசியில் அமர்கிறது. பேராசிரியரின் பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரை கணக்கில் வருவதுபோல, பல்லடத்து விசைத்தறிக் கூடத்தருகே அவர் நடத்திய எட்டு வார வகுப்பு வருவதில்லை.

குறை பல்கலைக்கழகத்தின் மீது மட்டுமன்று. இலக்கிய அமைப்புகள் பேராசிரியரை அழைக்கும் முறையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இரண்டு மணிநேர நிகழ்ச்சியில் வரவேற்பும் பொன்னாடையும் நினைவுப் பரிசும் ஒரு மணிநேரத்தை எடுத்துக்கொள்கின்றன. எஞ்சிய நேரத்தில் சிறப்புரை. நன்றியுரை முடிவதற்குள் பேருந்தைப் பிடிக்கும் கவலை. வினா எழுப்ப விழைந்தவர் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும் பேராசிரியரிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. ஒரே நாளில் பத்துப் பேர் பேசுவதைவிட, ஒருவரே பத்து வாரம் வந்து பேசுவது நன்று. செலவும் குறைவு.

வயதில் முதிர்ந்த மாணாக்கர் வெறுங்கையோடு வருவதில்லை. இதைப் பேராசிரியர் பலர் உணர்வதில்லை. முல்லைத்திணையைப் பாடம் சொல்லும் ஆசிரியர், காடும் காடு சார்ந்த நிலமும் என்று விளக்குகிறார். பட்டணத்து மாணாக்கர் காடு என்றவுடன் யானையும் புலியும் உலவும் அடர்வனத்தை எண்ணிக்கொள்கிறார். கொங்கு நாட்டு உழவர்க்கோ காடு என்பது மானாவாரி நிலம். காலையில் ‘காட்டுக்குப் போகிறேன்’ என்று சொல்லிக் கிளம்புபவர் அவர். காங்கயம் பகுதிக்காரர் இன்னும் ஒரு படி மேலே போவார். அங்குக் கொரங்காடு என்றொரு மேய்ச்சல் நிலம் உண்டு. கொழுக்கட்டைப் புல் தரையை மூடியிருக்கும். இடையிடையே வெள்வேல மரங்கள் நிழல் தரும். சுற்றிலும் கிளுவையால் உயிர்வேலி. காங்கயம் காளைகள் வளர்வது அந்நிலத்தில். மாலையில் ஆநிரை வீடு திரும்புவதும், கன்றை நினைந்து தாய்ப்பசு விரைவதும், மழைக்காகக் காத்திருப்பதும் அம்மாணாக்கருக்குப் பாட்டின் உவமை அல்ல. நேற்று மாலை கண்டது. அவர் வாய் திறந்து பேசுவாராயின், முல்லைக்கு உரிய மேய்ச்சல் வாழ்வைப் பற்றி முனைவர் பட்டம் பெற்றவரும் குறிப்பெடுத்துக்கொள்ளத்தக்க செய்தி வரும். அவர் பேசுவதற்கு நேரம் ஒதுக்கியிருக்கிறோமா என்பதே வினா.

பணம் பற்றியும் ஒரு சொல். இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்துப் பகுதியில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் பல்கலைக்கழக விரிவுரைகளைத் தாங்களே கட்டணம் செலுத்தி நடத்தி வந்தனர். 1887இல் சுரங்க வேலைநிறுத்தம் வந்தது. கூலி நின்றது, நன்கு நடந்துவந்த வகுப்புகளும் நின்றன. ஆர்வம் குன்றியதால் அன்று, அரிசிக்குப் போக எஞ்சவில்லை என்பதால். ஆலைகள் அடுத்தடுத்து மூடப்பட்டதைக் கண்ட கோவைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கேட்போரின் கட்டணத்தை மட்டும் நம்பி நடக்கும் வகுப்பு, கேட்போர்க்கு மிகவும் தேவையான நேரத்தில்தான் நிற்கும்.

நேரமும் அவ்வாறே. மாலை ஆறு மணி என்பது அலுவலருக்கு ஏற்ற நேரம். ஆலைத் தொழிலாளர் ‘அரை நைட்’ என்று வழங்கும் முறையில் இருப்பவர் அப்போது எந்திரத்தின் முன் நிற்கிறார். இல்லத்தரசியோ அடுப்பின் முன் நிற்கிறார். ஒரே பாடத்தை ஞாயிறு பிற்பகலிலும் மீண்டும் ஒருமுறை நடத்தினால் இவ்விருவரும் வர இயலும். பேராசிரியரின் ஞாயிறு பறிபோகும் என்பது மெய்தான்.

கொங்கு நாட்டோடு தொடர்புபடுத்திப் போற்றப்பெறும் பவணந்தி முனிவர், நன்னூலின் பாயிரத்தில் நூல் என்பதற்கு ஓர் உருவகம் அமைத்தார். சொல்லைப் பஞ்சாகவும், பனுவலை இழையாகவும், புலவரின் வாயைக் கையாகவும், மதியைக் கதிராகவும் வைத்துக்காட்டினார். அங்குப் புலவர் யாராக உருவகம் செய்யப்பெறுகிறார் என்பது நோக்கத்தக்கது. நூற்கும் பெண்ணாக! தமிழ் இலக்கணப் பேராசிரியர் ஒவ்வொருவரும் வகுப்பில் இதை நடத்தியிருப்பார். நூற்பாலைக்குள் கால்வைத்துப் பார்த்த பின் நடத்தியவர் எத்தனை பேர்?

இப்பகுதி நூற்பாலைகளில் இளம்பெண்கள் பல்லாயிரவர் உழைக்கின்றனர். பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர் பலர். ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரால் மூன்றாண்டு ஒப்பந்தத்தில், திருமணத்திற்கு மொத்தத் தொகை கிடைக்கும் என்னும் நம்பிக்கையோடு தென் மாவட்டங்களிலிருந்து அழைத்துவரப்பெற்றோர் நிலை 2000ஆம் ஆண்டிற்குப் பின் நாடெங்கும் பேசப்பட்டது. நீதிமன்றம் வரை சென்றது. ஆலை வளாகத்து விடுதியே அவர்கள் உலகம். எந்த மன்றத்துக்கும் அவர்களால் வர இயலாது. 1867இல் லீட்ஸ் நகரப் பெண்கள் விரிவுரையாளரை அழைத்தார்கள். இப்பெண்கள் அழைக்கும் நிலையிலும் இல்லை.

கதிர் எவ்வளவு விரைவாகச் சுழலும், இழை எங்கே அறும், அறுந்த இழையை விரல் நுனியால் எப்படிப் பிணைப்பது என்று அவர்களுக்குத் தெரியும். நன்னூல் உருவகத்தை அவர்களிடம் சொல்லி, இது சரியாக இருக்கிறதா என்று கேட்கலாம். விடையை அஞ்சலட்டையில் எழுதச் சொல்லலாம். எட்டு ஞாயிற்றுக்கிழமைகள் போதும். பேராசிரியர் இருவர் முன்வந்தால் போதும். விடுதியின் வாயிலைக் கடப்பதற்கு மட்டும் ஆலை நிருவாகத்தின் இசைவு தேவை. இவ்வட்டத்தின் பதினோராம் ஆண்டின் முதல் கடிதம் அதற்காக எழுதப்பெறட்டும்.